அட்டைப்படத்தில் அங்குசாமி

ஒரு காட்டில் ‘பசுந்தழை’ என்று ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியர் ஒரு கீரி. அங்குசாமி என்ற கிழட்டு யானை அதில் நெடுங்காலமாகக் கவிதை எழுதிவந்தது. அதற்கு இருந்தது ஒரே ஆசை. தன் படம் அட்டையில் வரவேண்டும். பத்திரிகைக்காரர்கள் அட்டையை ரேப்பர் என்பார்கள்.

கேட்கும்போதெல்லாம் கீரி, “ஐயா, ரேப்பர்ல மான்குட்டி வந்தாத்தான் புக்கு போகுது. கவிஞர் வந்தா கட்டுக் கட்டாத் திரும்பி வருது” என்று சொல்லிவிடும்.

ஒரு நாள் அங்குசாமி அளவு தெரியாமல் பலாப்பழம் தின்றுவிட்டு வயிறு உப்பிப் படுத்தது. வைத்தியம் பார்க்கும் கொக்கு வந்து நாடி பிடித்தது.

“தேறாது. சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்பிடுங்க.”

சேதி முதலில் போனது பத்திரிகை ஆபீசுக்குத்தான். அச்சுக்குத் தயாராக இருந்த மான்குட்டி ரேப்பரைக் கீரி தூக்கிவிட்டு, அஞ்சலிச் சிறப்பிதழ் என்று அறிவித்தது. லேஅவுட் செய்யும் தூக்கணாங்குருவி ஒரு பழைய படத்தைத் தேடி எடுத்தது. தந்தத்தின் பழுப்பை வெளுத்தது. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கத்தை அழித்தது. பின்னணியில் கறுப்பைக் கொட்டியது.

“சார், முகம் பெருசு. ஓரம் வெட்டும்போது காது போயிடும்.”

“போகட்டும். இனிமே அவர் எதைக் கேக்கப் போறாரு? தலைப்பைப் பெருசாப் போடு.”

‘காட்டின் குரல் ஓய்ந்தது’ என்று தலைப்பு வந்தது.

இதழ் அச்சாகிக் கடைகளுக்குக் கிளம்பிய வேளையில் அங்குசாமிக்கு வயிறு இளகியது. எழுந்து உட்கார்ந்தது. நல்ல சேதியைச் சொல்லலாம் என்று நேரே ஆபீசுக்கு நடந்தது. வாசலில் அதைப் பார்த்த கீரிக்கு முகம் வெளிறிவிட்டது.

“என்னய்யா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“பொழைச்சுட்டேன் தம்பி.”

“அதைத்தான் கேக்குறேன்.”

கீரி இதழை எடுத்துக் காட்டியது. அங்குசாமி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

“நான் உயிரோட இருக்கேன்னு போட்டுடுவீங்கல்ல?”

“அடுத்த வாரம் ‘வருந்துகிறோம்’னு போட்டுடலாம்.”

“ரேப்பர்லயா?”

“கடைசிப் பக்கத்துல. பல்பொடி விளம்பரத்துக்குக் கீழ, சின்ன எழுத்துல.”

“அப்ப இந்த இதழு?”

“எல்லாத்தையும் திரும்ப வாங்கிக் கூழாக்கிட வேண்டியதுதான்.”

அங்குசாமி பதறிப்போனது. “கூழாக்காதீங்க தம்பி. நான் செத்தவனாவே இருந்துடுறேன்” என்று சொல்லி, ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மூங்கில் காட்டுக்குப் போய்விட்டது.

இதழ் வாங்க அடிதடி நடந்தது. அங்குசாமியின் ஒரு வரியைக்கூடப் படிக்காத ஓநாய் அஞ்சலிக் கூட்டத்தில் விம்மி விம்மி அழுதது. அக்கரையில் அங்குசாமி ரேப்பரைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தது. கொஞ்ச நாளில் பூரிப்பு தீர்ந்தது. பேச ஆளில்லை. புதிதாக ஒரு கவிதை எழுதியது, அதை அனுப்ப வழியில்லை. பொறுக்கமாட்டாமல் ஆற்றைக் கடந்து வீட்டு வாசலில் போய் நின்றது.

“வேதநாயகி, நான்தான்.”

மனைவி வேதநாயகி வெளியே வந்து அதை ஏற இறங்கப் பார்த்தது. உள்ளே சுவரில் ரேப்பர் மாலையோடு தொங்கியது. திரும்பி அதையும் ஒருமுறை பார்த்தது.

“அவர் சாயல் கொஞ்சம் இருக்குங்க. ஆனா, அவரு பெரிய கவிஞரு.”

பிறகு, பசியோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ரெண்டு கரும்பை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

நீதி: பிழைப்பதாக இருந்தால் இதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பே பிழைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பிழைத்தால் அது அச்சுப்பிழை.