கடைசி இடம் பிடித்த டொங்கிள்

எனக்கு அட்டவணை போடும் வியாதி உண்டு. குடை வாங்குவதென்றால்கூட, கொப்பியில் கட்டம் கீறி, ஒரு பக்கம் குடைகளையும் மறுபக்கம் அவற்றின் குணங்களையும் எழுதி, புள்ளி போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். (கடையில் அம்மா கைக்கு அகப்பட்ட முதல் குடையை வாங்கிவிடுவார். அந்தக் குடை பத்து வருஷம் உழைக்கும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.)

இந்த வியாதி முற்றி, ஒரு தோட்டத்தையே ஒரே டவரில் தொங்கவிட்ட கதை இது.

பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பாதையில், பஸ் மூச்சு வாங்கும் ஒரு வளைவில் இறங்கி, தேயிலைக்கு நடுவே அரை மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம். நான் படித்து முடித்துச் சும்மா இருந்த நாட்கள். அப்பா காலமாகிவிட்டார். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு, ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்திருந்தான். அடுத்தது நான்தான் போக வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். எனக்குப் போக விருப்பமில்லை. கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வருகிற அம்மா, பூட்டிய வீட்டைத் தானே திறந்து, தானே விளக்கைப் போடுவதை நினைத்தாலே எனக்குக் கொழும்பு வேண்டாம் என்றாகிவிடும்.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கொழும்புக் கம்பனி ஒன்று, வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதில் எழுத ஆள் தேடியது. நிபந்தனை இரண்டே இரண்டு. சொந்த லெப்டொப் வேண்டும். அறுந்து போகாத இன்டர்நெட் வேண்டும். நேர்முகத் தேர்வும் வீடியோவில்தான்.

லெப்டொப்பை அண்ணன் அனுப்பினான், கூடவே சிம் போடுகிற ஒரு டொங்கிளும். யாரோ பாவித்துக் களைத்துப்போன லெப்டொப் அது. கரண்ட் வயரைப் பிடுங்கினால் நான்கு நிமிஷத்தில் கண்ணை மூடிவிடும். பரவாயில்லை, கரண்ட் இருந்தது. இனி எந்தக் கம்பனியின் ப்ரீபெய்ட் இணைப்பை எடுப்பது என்பதுதான் கேள்வி. புதுக் கொப்பி வாங்கினேன்.

எங்கள் மலைக்கு மூன்று கம்பனிகளின் சிக்னல் எட்டியது. (பெயர்களைச் சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் அவர்கள் தயவில்தான் என் சோறு.) முதலாவது, சுவருக்கு அப்புறம் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற செல்வி அக்காவின் சிம். கொட்டை எழுத்தில் நிறைய டேட்டா போட்டிருப்பார்கள். பொடி எழுத்தில் அதில் பாதி நடுச்சாமத்துக்குப் பிறகு என்றிருக்கும். அந்த நேரத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் விழித்திருப்பது எலிகள்தான். இரண்டாவது, நான் பசறையில் வாங்கி வந்த புது சிம். மூன்றாவது, ரெங்கசாமி மாமாவின் டொங்கிள்.

ரெங்கசாமி மாமா அம்மாவின் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கள் முருகன் கோயில் கமிட்டித் தலைவர். அவருடைய டொங்கிள் வேறு கம்பனி சிம்மைத் தொட்டும் பார்க்காது. அதை மா சலிக்கிற சல்லடைக்குள் வைத்துக் கட்டி, சல்லடையை மூங்கில் கம்பின் நுனியில் தொங்கவிட்டு, கம்பை வாசலில் நட்டு, அங்கிருந்து நீள வயர் ஒன்றை இழுத்து வைத்திருந்தார்.

ஒரு வாரம் சோதனை செய்தேன். காலை, மத்தியானம், மழை, மூடுபனி என்று நேரம் பிரித்து, மூன்றிலும் ஒரே பருப்புக் கறி வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். என் புது சிம்மில் பருப்பு தடையில்லாமல் வெந்தது. செல்வி அக்காவின் சிம்மில் மழை வந்தால் அடுப்பு அணைந்தது. மாமாவின் டொங்கிளில், வீடியோவில் பருப்பைக் கழுவுவதற்குள் மாமியின் அடுப்பில் நிஜப் பருப்பு வெந்து இறங்கிவிட்டது.

மாமா பக்கத்திலேயே நின்று தவித்தார்.

"கம்ப கொஞ்சம் திருப்பணும்மா. அத புடிச்சு திருப்புனாத்தான் வரும்."

சோதனையில் வெளியாள் கை வைக்கக் கூடாது என்று விஞ்ஞானி மாதிரிச் சொல்லிவிட்டேன். மாமா கையைக் கட்டிக்கொண்டார். கொப்பியில் அவருக்குக் கடைசி இடம் விழுந்தது.

இதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அந்த வாரக் கோயில் கூட்டத்தில், தேர்த் திருவிழாவை வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு எப்படி நேரடியாகக் காட்டுவது என்று பேச்சு வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாதான் பெருமையாக மைக்கை என் கையில் கொடுத்தார். கோயில் ஒலிபெருக்கியோ மூன்று லயங்களுக்கும் கேட்கும். நான் கொப்பியை விரித்து, கட்டம் கட்டமாக வாசித்தேன். முதலிடத்தைச் சொன்னதும் கைதட்டினார்கள். கைதட்டல் என் தலைக்கேறிவிட்டது. "கடைசி இடம், சல்லடையில் தொங்கும் நமது தலைவரின் டொங்கிள்" என்று முடித்தேன். சிரிப்பு கீழ் லயம் வரை கேட்டதாம். மாமாவும் சிரித்தார். ஆனால் மைக்கைத் திருப்பி வாங்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே தோட்டம் முழுக்கப் பசறைக்கு இறங்கி, நான் சொன்ன சிம்மை வாங்கியது. கடையில் சிம் தீர்ந்து, கடைக்காரர் பதுளையிலிருந்து தருவித்தாராம். செல்வி அக்கா பழைய சிம்மைக் கழற்றி அடுப்பிலேயே போட்டுவிட்டார். வழியில் கண்டவர்கள் எல்லாம் எனக்கு நன்றி சொன்னார்கள். நான் கழுத்தைச் சாய்த்து ஏற்றுக்கொண்டேன். (அந்தக் கழுத்தை இப்போது நினைத்தாலும் ஒரு தட்டுத் தட்டலாம் போல இருக்கிறது.)

நேர்முகத் தேர்வு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று கடிதம் வந்தது. அன்றைக்குத்தான் தேர். அதனால் என்ன, அரை மணி நேர வேலைதானே என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு, மேலே வெள்ளைச் சட்டையும் கீழே வீட்டுப் பாவாடையுமாக உட்கார்ந்தேன். திரையில் ஒரு மேடம் வந்தார். சிங்கள மேடம், ஆங்கிலத்தில் பேசினார். வணக்கம் சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். "நான்" என்று வாயைத் திறந்தேன். அப்போது கோயிலில் மணி அடித்தது, தப்பு மேளம் முழங்கியது, தேர் நகர்ந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

வெளியே ஓடினேன். கொழும்பிலிருந்து லீவில் வந்த பிள்ளைகள், சட்டைப்பையில் விபூதி வைத்திருந்த பெரியவர்கள், தேருக்குப் பின்னால் நடந்த பெண்கள் என்று அத்தனை பேர் கையிலும் ஃபோன். அத்தனை ஃபோனிலும் நேரடி ஒளிபரப்பு. அத்தனைக்கும் உள்ளே நான் சிபாரிசு செய்த சிம். ஒரே முருகனை ஒரே டவர் வழியாக ஊரே ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது. என் வேலைக்கு அதில் ஒரு நூல் அளவும் இடமில்லை.

செல்வி அக்காவிடம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். அக்கா ஃபோனை என் முகத்துக்கு நேரே திருப்பி, கட்டாரில் இருக்கிற தம்பியிடம் சந்தோஷமாகச் சொன்னார்:

"இந்தா பாரு, நம்ம ரேணுகா. இவதான் இந்த சிம்ம எடுக்கச் சொன்னா."

எங்கள் மலையில் அந்த நிமிஷம் ஆளில்லாத இணைப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேருக்கு முன்னால் பட்டு வேட்டியும் சந்தனமுமாக நடந்துகொண்டிருந்த மாமாவிடம் போய் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. வேலை போச்சு மாமா, நானும் கொழும்புக்குத்தான் போகணும் என்று எப்படியோ சொன்னேன்.

மாமா ஒரு நொடி யோசித்தார்.

"கடைசி எடத்துக்கு வந்துட்டியாக்கும்" என்றார். பிறகு கையிலிருந்த மாலையைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் கீழ் லயத்துக்கு ஓடினார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் எந்தக் கொப்பியிலும் எழுதியிருக்கவில்லை.

நான் வீட்டுக்குள் பாய்ந்து லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். அவர் வீட்டு வாசலில் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, லெப்டொப்பை அதன்மேல் வைத்து, ஜன்னல் வழியாகக் கரண்ட் இழுத்து, டொங்கிள் வயரைச் செருகினோம். மாமா கம்பைப் பிடித்துச் சல்லடையைக் கிழக்கே திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு விரல்கடை திருப்பினார். மேடத்தின் முகம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெளிவாக வந்தது. அந்தக் கம்பனியை விட்டு ஊரே ஓடியிருந்ததால், முழு டவரும் எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான்.

மேடம் பொறுமையாக அடுத்த கேள்வியைக் கேட்டார். தகவல்களைத் திரட்டி, ஒப்பிட்டுப் பார்த்து நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்றார். இதற்காகவே ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்தேன். மூன்று இணைப்புகளை ஒப்பிட்டு மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்த பதில்! ஆனால் மாமா கம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். பொய் வரவில்லை. நான் முதலிடம் கொடுத்தது அறுந்துவிட்டது, ஊரே சிரிக்கக் கடைசி இடம் கொடுத்ததில்தான் உங்களோடு பேசுகிறேன், கம்பைப் பிடித்திருப்பவர் என் மாமா என்று சொல்லிவிட்டேன். மேடம் அவரைக் காட்டச் சொன்னார். லெப்டொப்பைத் திருப்பினேன். மாமா கம்பை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குள் தேர் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் தேர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டுத் தலைவர் தேங்காய் உடைத்து அர்ச்சனைத் தட்டு கொடுக்காமல் நகராது. மாமி தலையில் பால்குடத்தோடு ஊர்வலத்தில் நின்றார். மாமா கம்பை விட்டால் என் வேலை போகும். விடாவிட்டால் முருகன் நகர மாட்டார். தப்படித்தவர்கள் விடாமல் அடித்தார்கள். ஊரே மாமாவைப் பார்த்தது. மேடம் காதைத் தீட்டிக்கொண்டு, "கதிர்காமக் கடவுளா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். கதிர்காம முருகனைச் சிங்களவர்களும் கும்பிடுவார்கள். உடனே எழுந்து நின்று கைகூப்பிவிட்டார். நேர்முகத் தேர்வில் தேர்வு செய்ய வந்தவர் எழுந்து நின்றதை நான் மட்டும்தான் கண்டிருப்பேன்.

மாமா முடிவெடுத்தார். இடது கையில் கம்பு, வலது கையில் தேங்காய். வாசல் கல்லைக் குறிபார்த்து ஓங்கி அடித்தார். தேங்காய் சரிபாதியாக, கமிட்டித் தலைவருக்கு ஏற்ற மாதிரி அழகாக உடைந்தது. தண்ணீர் முழுவதும் என் லெப்டொப்பின் மேல் விழுந்தது. கைகூப்பியபடியே மேடம் மறைந்து போனார்.

அம்மா கூட்டத்திலிருந்து வந்து லெப்டொப்பைத் தூக்கிச் சரித்தார். உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தேங்காய்த் தண்ணீர் இறங்கியது.

ஒரு வாரம் லெப்டொப்பை வெயிலில் காயவைத்துப் பார்த்தேன், அது கண்ணைத் திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில், அம்மா கொழுந்துக்குக் கிளம்பும் நேரத்தில், மேடமே ஃபோனில் அழைத்தார். தவறான முடிவைத் தவறு என்று சொன்ன ஒரே ஆள் நான்தானாம். கம்பனி லெப்டொப் ஒன்று தருவார்களாம். இன்டர்நெட்டுக்கு மாமாவே போதுமாம். அம்மா காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, அந்தக் கடைசி வசனத்தை நான் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். அன்று மாலை அம்மா வேலை முடிந்து வந்தபோது கதவு திறந்திருந்தது. விளக்கும் போட்டிருந்தேன். அம்மா குடையை மூலையில் சாத்திவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது மிகப் பிரமாதமாக இருந்தாலும் அதற்குப் பெயர் "கடைசி இடம்". மாமியின் பருப்புக் கறி கடைசி இடம். அண்ணன் வாங்கி வந்த சேலை கடைசி இடம். முதலிடம் என்று யாராவது சொன்னால் பயந்து விலகிவிடுவோம்.

மூன்று வருஷம் கழித்து ஹாலிஎலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையாக வந்தவர் அதிகம் பேசவில்லை. வடை தீர்ந்துவிட்டதா என்று கேட்டது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் எழுந்து வாசலுக்குப் போனதும் அம்மா உள்ளேயிருந்து மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ளை எப்புடிடி?"

நான் வெட்கத்தோடு, ஆனால் தெளிவாகச் சொன்னேன்: "கடைசி எடம்மா."

வீட்டுக்குள் எல்லோரும் சந்தோஷத்தில் கத்தினார்கள். வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்த மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். மாமா ஓடிப்போய்க் கம்பையும் சல்லடையையும் எடுத்து வந்து காட்டி, கதையை ஆதியிலிருந்து விளக்கிய பிறகுதான் அவர் மற்றச் செருப்பைத் தேடுவதை நிறுத்தினார்.

இப்போதெல்லாம் கல்யாண வாழ்க்கை எப்படி என்று யாராவது கேட்டால், அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "நான் இன்னமும் கடைசி எடத்துலதாங்க" என்கிறார். கேட்டவர்கள் என்னை முறைத்துவிட்டுப் போகிறார்கள்.