நின்று எட்டு மாதம்

அன்றைக்கு டாக்டர் அறையில் இருந்தது நான், அம்மா, தமிழ் தெரியாத ஒரு வடக்கத்திப் பயிற்சி டாக்டர். இல்லாதது செல்வி அக்கா. கடப்பாக்கத்திலிருந்து வர்றேன்னுதான் சொன்னாள். எட்டாவது படிச்சிட்டு நீ வந்து இன்னா பண்ணப்போற, நான் பேசிக்கிறேன் என்று தடுத்தவன் நான். எங்கள் வம்சத்தின் முதல் டிகிரி. (அந்தத் திமிரையும் சேர்த்து ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கலாம்.)

அம்மாவுக்கு நாற்பத்தொன்பது. அணுபுரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. பல மாதமாகத் தூக்கமில்லை. காலை பஸ்ஸில் கண்ணயர்ந்து, இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய், இரண்டு முறை லேட். இன்னொரு தரம் ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அந்த வீட்டம்மா சொல்லிவிட்டார்.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்து முனகினாள்.

"நின்னு எட்டு மாசம் ஆவுதுடா."

தூக்கம் நின்று எட்டு மாதம் என்று இலக்கணச் சுத்தமான இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு நாள்கூடவா தூங்கவில்லை? ஒரு நாள்கூட, என்றேன், அம்மாவைக் கேட்காமலே. வேறு தொந்தரவு?

"உள்ளேர்ந்து நெருப்பு மாதிரி கெளம்புது. எழுந்து எங்கனா ஓடிடலாம்னு கீது."

'மாதிரி'யை விட்டுவிட்டு மற்றதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

தலைக்கு ஸ்கேன். பிறகு மனநலப் பிரிவு. அங்கிருந்த தமிழ் டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டு, காதில் யாராவது பேசுகிற மாதிரி இருக்கிறதா என்று அன்பாகக் கேட்டார்.

"இதோ, இவன்தான் காலைலேர்ந்து பேசிகினே கீறான்."

அவரிடமாவது அம்மா விஷயத்தைச் சொல்லியிருப்பாள். நான் பக்கத்தை விட்டு நகர்ந்தால்தானே!

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. நான்காம் நாள் அணுபுரத்தில், குக்கர் கருகிப் புகையும்வரை அம்மா சமையல்கட்டிலேயே தூங்கினாள். வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். உள்ளே அம்மாவோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்தாள்.

"மாச விலக்கு நின்னு எட்டு மாசம்னு சொல்லிகீதுடா. பெத்த புள்ளைகிட்ட அத எந்த அம்மா முழுசா சொல்லும்?"

அந்த வயதில் தூக்கம் கெடுமாம், உடம்பு கொதிக்குமாம். எங்கள் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அக்காவே அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அம்மா பாதி ராத்திரி தூங்குகிறாள். மீதிப் பாதியில் போன வேலையை நினைத்துக்கொள்கிறாள். வீட்டில் கரண்ட் நின்றாலும் மோட்டார் நின்றாலும், "தம்பியக் கூப்டு, இங்கிலீஷ்ல சொல்லட்டும்" என்பாள் அக்கா. அம்மாவும் சிரிப்பாள்.

ஸ்கேன், மாத்திரை, வீட்டம்மா பிடித்துக்கொண்ட குக்கர் காசு, எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து எழுநூறு. அதோடு அம்மாவின் சம்பளம், மாதம் ஏழாயிரம்.

அதுவும் நின்று எட்டு மாதம் ஆகிறது.