ஹார்டுவேர் மாப்பிள்ளை

“ஹார்டுவேர்தானே தம்பி?” என்று கேட்டுக்கொண்டே பெண்ணின் அப்பா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கறுப்பு மடிக்கணினி இருந்தது. அதைக் கொண்டுவந்து, பெண் பார்க்க வந்திருந்த அவன் மடியில் இறக்கினார். கனத்தில் அவனுடைய முழங்கால் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

ஹார்டுவேர்தான். அதில் பொய்யில்லை. ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய், பெயிண்ட் என்று ஒரு கடை நிறைய ஹார்டுவேர் அவனிடம் இருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. கடையில் ரசீதுகூடக் கையால்தான் எழுதினான்.

அவன் பக்கத்தில் இருந்த கல்யாணத் தரகரைப் பார்த்தான். தரகர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

“வாங்கி இருபது வருஷம் ஆச்சு,” என்றார் அப்பா. “பேட்டரி ரெண்டு தடவ மாத்தினேன். ஹார்ட் டிஸ்க்கைப் பெருசு பண்ணினேன். ‘ழ’ பட்டன் தேஞ்சு போச்சுன்னு செத்துப்போன இன்னொரு மெஷின்லேர்ந்து பிடுங்கிப் போட்டேன். என்னோட குறுக்கெழுத்து ப்ரோகிராம் இதுல மட்டும்தான் ஓடும். புது மெஷின்ல போட்டா எல்லாம் கட்டம் கட்டமா வருது.”

“குறுக்கெழுத்துன்னா கட்டம்தானே சார் வரும்?” என்றார் தரகர்.

அப்பா அவரைப் பொருட்படுத்தவில்லை. “எட்டு மாசமா திரை வரல. பட்டனை அமுக்கினா மூணு தடவ கத்துது. அதோட சரி.”

“ரிப்பேர் கடையில காட்டலியா சார்?”

“காட்டினேன். பாத்ததும் சிரிச்சான். சிரிச்சவன் கையில என் மெஷினைக் கொடுப்பேனா?”

அப்பா நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். “இதுவரைக்கும் அஞ்சு மாப்பிள்ளை வந்தாச்சு. அஞ்சும் சாஃப்ட்வேர். ஒருத்தன்கூட மூடியைத் திறந்து பாக்கல. ‘புதுசு வாங்கிக்கோங்க அங்கிள்’ங்கறான். இருபது வருஷம் கூட இருந்ததைத் தூக்கிப் போடச் சொல்றவன், என் பொண்ணை எத்தனை நாள் வெச்சுப்பான்? அதான் தரகர்கிட்ட கறாரா சொல்லிட்டேன், இனிமே ஹார்டுவேர் மாப்பிள்ளைதான் வேணும்னு. இதுக்கு உயிர் கொடுக்கறவனுக்குத்தான் பொண்ணு.”

அப்பா திருப்புளி தேடப் போன நேரத்தில் அவன் தரகரின் தொடையைக் கிள்ளினான். “யோவ், கம்ப்யூட்டர் ஹார்டுவேர்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?”

“அவரு ஹார்டுவேர்னாரு. உங்க கடை போர்டுலயும் ஹார்டுவேர்னுதான் எழுதியிருக்கு. இதுல நான் எங்க தம்பி பொய் சொன்னேன்?”

அப்போதே எழுந்து போயிருப்பான். ஆனால் பெண் டீ எடுத்து வந்தாள். அவன் மடியில் இருந்த மெஷினைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது. அவ்வளவுதான், அவன் அந்த வீட்டிலேயே ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

“உங்களால முடியுமா?” என்றாள்.

“இதெல்லாம் எனக்கு ஜுஜுபி,” என்றது அவன் வாய். அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்பா திருப்புளி கிடைக்காமல் திரும்பி வந்தார். அவன் சட்டைப் பையிலேயே எப்போதும் ஒன்று இருக்கும். அடிப்பக்கத்து ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் கழற்றி, அளவுவாரியாக மேஜையில் அடுக்கினான். அப்பாவின் கண் விரிந்தது. “பாத்தியாடி! ஆறு பேர்ல இவர்தான் முதல்முதலா திறந்திருக்கார்!”

திறந்ததும்தான் வினை. உள்ளே பச்சைத் தரையில் வீடும் ரோடுமாக ஓர் ஊரே இருந்தது. அந்த ஊரில் அவனுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

“ரேம் பாத்தீங்களா?” என்று கேட்டாள் அவள்.

“பாத்துட்டேன். நல்லா இருக்கார்.”

அவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தும்மல் போலும் என்று நினைத்துக்கொண்டான்.

ஏதாவது செய்ய வேண்டுமே. மூடியை அசைத்தான். ஆடியது. அப்பாடா, கீல்! கீல் என்றால் அவன் ராஜா. “இதான் சார் பிரச்சினை. கீல் தளர்ந்திருக்கு,” என்று முறுக்கினான். நல்ல தேக்குக் கதவுக்கு முறுக்குகிற முறுக்கு. திரை விறைப்பாக நின்றது. அப்பா பெருமையோடு அதை மூடிப் பார்த்தார். டக் என்று மூலை பிய்ந்து அவர் கையோடு வந்தது.

“ஒண்ணும் பதறாதீங்க,” என்று அவன் பேண்ட் பையிலிருந்து பசை ட்யூபை எடுத்தான். எண்ணி ஐந்து நொடியில் ஒட்டும் பசை. ஐந்து நொடியில் ஒட்டியும் விட்டது. மூலையோடு அவன் கட்டைவிரலும்.

“ஏன் தம்பி அதையே பிடிச்சுட்டு இருக்கீங்க?” என்றார் அப்பா.

“காயட்டும்னு சார்.”

“இன்னுமா காயல?”

“காஞ்சுடுச்சு சார். அதான் பிரச்சினை.”

பெண்ணின் அம்மா அதுவரை சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். எண்ணெய் ஊற்றி, விரலை ஆட்டி, மறுபடி ஊற்றி, ஒருவழியாக விரல் கழன்றது. அதற்குள் எண்ணெய் பட்டன்களுக்கு நடுவே புகுந்து, விசைப்பலகை முழுவதும் வழுக்கிக்கொண்டு நின்றது.

துடைக்க வேண்டுமென்றால் பட்டன்களைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினான். தட்டில் கொட்டித் துடைத்தான். ஒவ்வொரு பட்டன் மேலும் அப்பா தன் கையாலேயே தமிழ் எழுத்து ஒட்டியிருந்தார். திரும்ப மாட்ட உட்கார்ந்தபோதுதான் எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. யோசித்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி மாட்டினான்.

அப்பா எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி இது? அ, ஆ, இ, ஈன்னு இருக்கு?”

“வரிசையா வெச்சிருக்கேன் சார். முன்னாடி எல்லாம் கலைஞ்சு கிடந்துச்சு.”

அப்பா மெஷினைத் தன் பக்கம் இழுத்தார். அவரே பட்டனை அமுக்கினார். மெஷின் மூன்று தடவை கத்தியது. திரை இருட்டாகவே இருந்தது. மேஜைமேல் ஏழு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது.

“மரை கழண்டது மெஷினுக்கா உனக்கா?” என்றார். மரியாதை காணாமல் போயிருந்தது.

தரகர் இருமினார். அவன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“சார், நான் ஹார்டுவேர்தான். ஆனா ஆணி விக்கிற ஹார்டுவேர். கம்ப்யூட்டரைத் தொட்டதே இன்னைக்குத்தான். ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். உங்க பொண்ணு டீயோட வந்தாங்க, சொல்ல வரல.”

“சரி, ஒண்ணு சொல்லு. இது தேறுமா, தேறாதா? புதுசு வாங்கிடட்டுமா?”

“வாங்காதீங்க சார். இருபது வருஷம் உழைச்சிருக்கு, இரும்பு மாதிரி இருக்கு. தெரிஞ்சவங்க கையில கொடுத்தா கண்டிப்பா ஓடும். இனிமே என் கையில மட்டும் கொடுக்காதீங்க.”

அப்பா வாசலைக் காட்டினார். அவன் செருப்பைத் தேடினான். தரகர் மிச்சமிருந்த பிஸ்கட்டைக் கைக்குட்டையில் மடித்தார். இந்த வீட்டில் இனி கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

“இருங்க,” என்றாள் பெண். “மிச்ச ஸ்க்ரூவை நானே மாட்டிக் கொண்டுவரேன். அப்பா, அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவ போட்டுப் பாருங்க. அதுவரைக்கும் அவர் இருக்கட்டும்.”

மெஷினைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனாள். தரகர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான்.

அவள் வந்து மெஷினை மேஜைமேல் வைத்தாள். அப்பா கடனே என்று பட்டனை அமுக்கினார்.

கத்தவில்லை. உள்ளே விசிறி பெருமூச்சு விட்டது. திரை மெல்ல வெளுத்தது. எட்டு மாதத்துக்கு முன் பாதியில் நின்றுபோன குறுக்கெழுத்து, கட்டம் கட்டமாக வந்து நின்றது.

“வந்துடுச்சு!” அப்பா ‘க’ பட்டனைத் தட்டினார். திரையில் ‘ப’ விழுந்தது. “பரவால்ல! பழகிக்கலாம்! கைராசிக்காரர்யா நீங்க! ஏன் செருப்பு போட்டுட்டு நிக்கறீங்க, உள்ள வாங்க மாப்பிள்ளை! ஆணி வித்தா என்ன? ஆணி இல்லாம எந்த வீடு நிக்குது?”

“ஹார்டுவேர்னு நான்தான் அப்பவே சொன்னேனே சார்,” என்றார் தரகர், கைக்குட்டையைப் பிரித்தபடி.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கீலை முறுக்கினதில்தான் சரியாகியிருக்கும் என்று நினைத்தான். கதவும் அப்படித்தான், கீல் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும். தன் தொழில்மேல் அவனுக்கே ஒரு புது மரியாதை வந்தது. எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக் குழாயடிக்குப் போனான்.

குழாய்க்கு நேர் மேலே சமையலறை ஜன்னல். உள்ளே, அன்றைக்கு முதல்முறையாக, பெண்ணின் அம்மாவுடைய குரல் தணிந்து கேட்டது.

“ஏண்டி, அஞ்சு மாப்பிள்ளை வந்து தோத்துப் போற வரைக்கும் மெஷின்லேர்ந்து கழட்டி ஊசிநூல் டப்பாவுல ஒளிச்சு வெச்சிருந்தியே, அந்த ரேமோ என்னமோ, பச்சைத் தகடு, அதை இவருக்கு மட்டும் ஏன் எடுத்து மாட்டுன?”