எதிர்க்கடை டூலன்கள்

ஒரு விஷயம் நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மூன்று நொடி போதும். ஒப்புக்கொள்ளாமல் விட்டால் முப்பது டி-ஷர்ட் அச்சடிக்க வேண்டி வரும். நான் அச்சடித்தேன்.

துபாய் அல் கூஸில், வெண்ணெயும் சீஸும் இறக்குமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு டாகுமெண்டேஷன் வேலை. முதலாளி பிரையன் டூலன், அயர்லாந்துக்காரர். நல்ல மனிதர். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, தன் முன்னோர்கள் அயர்லாந்தில் கார்க் பக்கம் ஒரு துறைமுக ஊரில் வெண்ணெய் வியாபாரிகள் என்றும், அதற்குமேல் தனக்கு ஒன்றும் தெரியாதென்றும் வருத்தப்பட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க ஊர்ல ஏழு தலைமுறையை மனப்பாடமா சொல்லுவோம் சார்" என்றேன். (தாத்தாவின் அப்பா பெயர் வேண்டுமென்றால் நான் அம்மாவுக்கு போன் போட வேண்டும். அம்மா பெரியம்மாவுக்குப் போடுவாள்.)

பிரையன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "எங்க அப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள் வருது. இங்கே கூட்டிட்டு வரேன். எங்க வம்சத்தைக் கண்டுபிடிச்சுக் கொடு. அவருக்கு சர்ப்ரைஸ்!"

வீட்டில் சொன்னபோது கல்பனா தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள். "ஏங்க, நம்ம வீட்ல மூணு பேருக்கு மூணு சர்நேம். உங்களுக்கு உங்க அப்பா பேரு, பாப்பாவுக்கு உங்க பேரு, எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பாஸ்போர்ட்ல எங்க அப்பா பேரு. நீங்க போய் அவங்க வம்சத்தைத் தேடப் போறீங்களா?"

மேனேஜர் பதவி காலியாக இருந்தது. அதை நினைத்துக்கொண்டே தேட ஆரம்பித்தேன்.

அயர்லாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கு, தேவாலயப் பதிவேடு எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. உட்கார்ந்த முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது: டூலன், வெண்ணெய் வியாபாரி, அதே ஊர், அதே தெரு. மகன் மைக்கேல், அவர் மகன் தாமஸ், அவர் மகன் மறுபடி மைக்கேல். அங்கேயும் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். பேரன் என்ற சொல்லே அதற்காகத்தானே நம்மிடம் இருக்கிறது என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தத் தெருவில் இன்னொரு டூலனும் இருந்தார். அவருக்கும் வெண்ணெய் வியாபாரம், மகன் மைக்கேல், பேரன் தாமஸ். ஒரே ஆளை இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று முடிவு செய்து அவரை நீக்கினேன். (கப்பல் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் ஒரே சரக்கு இரண்டு தடவை வந்தால் அப்படித்தான் செய்வோம்.)

மகுடமாக ஒரு பழைய விளம்பரமும் சிக்கியது. கொக்கரிக்கும் சேவல் படம் போட்டு, கீழே "டூலன் வெண்ணெய்". பிரையனிடம் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. "குடும்பத்துக்கே டி-ஷர்ட் போட்டுடலாம்" என்றார்.

சத்வாவில் ஒரு பிரிண்டிங் கடை. "பாய், முர்கா தோடா படா கரோ" என்று நின்று சேவலைப் பெரிதாக்கச் சொன்னவன் நான்தான். பாய் மனம் குளிர, கழுத்திலிருந்து இடுப்புவரை பெரிதாக்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மதியம், பிரையனின் வில்லா. சுவரில் ஆறடி நீள வம்ச வரைபடம். அவர் அண்ணன், அக்கா, பிள்ளைகள், கம்பெனி ஆட்கள், நான், கல்பனா, எங்கள் பாப்பா எல்லோர் நெஞ்சிலும் சிவப்புச் சேவல். பெரியவர் டூலன் கைத்தடியோடு உள்ளே வந்தார். "சர்ப்ரைஸ்!" என்று எல்லோரும் கத்தினோம்.

பெரியவர் சிரித்தார். பிறகு சேவலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ஒவ்வொரு நெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் வரைபடத்தின் முன் நின்றார். நான் மைக்கைப் பிடித்து, "உங்கள் மகத்தான முன்னோர்" என்று பேச்சைத் தொடங்கியிருந்தேன்.

"இது எங்க குடும்பம் இல்லை" என்றார் பெரியவர். "எதிர்க்கடைக்காரங்க."

ஒரே ஆள் என்று நான் நீக்கிய அந்த இன்னொரு டூலன்தான் இவர்களுடைய முன்னோர்.

"எங்க அப்பா சாகிற வரைக்கும் அந்தச் சேவலைத் திரும்பிப் பார்த்ததில்லை. எங்க வீட்ல சேவலே வளர்த்ததில்லை. இப்போ என் பேத்தி அதைச் சட்டையில போட்டுட்டு நிக்கறா."

பிரையன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மேனேஜர் பதவி போயிற்று. அடுத்து விசாவும் போய், பாப்பாவின் பள்ளிக்கூட டிசி வாங்கி, மூன்று பேரும் திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டிக்காகக் காத்திருப்பதுவரை எனக்குத் தெரிந்தது. பெரியவர் பால்கனிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போய்ப் பேசுங்க" என்று கல்பனா முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

போனேன். எனக்கு இங்கிலீஷே மறந்துவிட்டது. "சார், ஏழு தலைமுறை தெரியும்னு சொன்னது பொய். எனக்கு சர்நேமே கிடையாது" என்றேன்.

அவர் திரும்பினார். "இங்கே எல்லாரும் உன்னை ராமசாமின்னு கூப்பிடறாங்களே?"

"அது எங்க அப்பா பேரு சார். பத்து வருஷமா எங்க அப்பாவைத்தான் கூப்பிடறாங்க. வேலை செய்யறது நான்."

"அப்போ உன் பொண்ணுக்கு?"

"அவளுக்கு என் பேரு. தலைமுறைக்கு ஒரு பேரு சார்."

"நூறு வருஷம் கழிச்சு உன்னை யாராவது தேடினா?"

"கிடைக்க மாட்டேன் சார்."

"கொடுத்து வச்சவன்" என்றார் பெரியவர். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று பயந்து தண்ணீர் தேடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவங்களோட என்ன சண்டை சார்?" என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தார். "தெரியாதே" என்றார். "அப்பா சொல்லலை. நானும் கேட்கலை. எதிர்க்கடையில என் வயசுல ஒரு பையன் இருந்தான், தாமஸ்னு. பன்னிரண்டு வயசு வரைக்கும் தினம் அவனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசினதில்லை."

தாமஸ் என் வரைபடத்தில் இருந்தார், கடைசிக்கு முந்தின வரிசையில், பெரியவருக்கு ஒன்றுவிட்ட சகோதரராக. இறந்த வருடம் போடாமல் விட்டிருந்தேன். கிடைக்காததால் விட்டதல்ல, ஆள் இருக்கிறார். அவர் மகளோடு நான் இரண்டு மாதமாக மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தேன். விளம்பரத்தைக் கொடுத்ததே அவள்தான்; அப்பாவின் போன் எண்ணையும் அனுப்பியிருந்தாள். அதை மெல்லச் சொன்னேன்.

பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "எண்ணைக் கொடு."

கேக் வெட்டாமல் சேவல்கள் எல்லாம் ஹாலில் காத்திருக்க, பால்கனியில் ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுத்தவர், "யாரு?" என்று கேட்டார். "மைக்கேல் டூலன். எதிர்க்கடை" என்றார் இவர். அந்தப் பக்கத்திலிருந்து கரகரத்த குரல் சொன்னது: "எதிர்க்கடை நாங்க இல்லை. நீங்கதான்."

இரண்டு கிழவர்களும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். சண்டை எதற்கென்று தாமஸுக்கும் தெரியவில்லை. உள்ளே வந்ததும் பெரியவர் மிச்சமிருந்த ஒரு டி-ஷர்ட்டைக் கேட்டு வாங்கி, கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கேக் வெட்டினார். பிரையன் என்னிடம் வந்து, "கலாஸ், முடிஞ்சது, திங்கட்கிழமை பேசலாம்" என்றார். திங்கட்கிழமை மேனேஜர் பதவி கேரளாக்காரர் ஒருவருக்குப் போயிற்று. என் விசா தப்பியது.

இது நடந்து ஆறு வருடமாகிறது. போன மாதம் பாப்பா பள்ளியில் ஃபேமிலி ட்ரீ ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். சார்ட் பேப்பரோடு என்னிடம் வந்தாள். சமையலறையிலிருந்து கல்பனாவின் குரல் கேட்டது.

"அப்பாகிட்ட கொடுக்காதே பாப்பா. எதிர் ஃபிளாட் தாத்தாவையெல்லாம் சேத்துடுவாரு."