பக் டிபெட்ஸின் முழுப்பெயர்

"இவர் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் வக்கீல் அலுவலகத்து நோட்டரி பெர்னிஸ்.

டுவைட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கப்பாங்க. மொடெஸ்டோ ஊர்ல பாதிப் பேருக்கு இவரைத் தெரியும்."

"பக்னு தெரியும். பத்திரத்துல ஆர்வில் கிளேட்டன் டிபெட்ஸ்னு இருக்கே. அந்தப் பேருல ஒரு அடையாள அட்டை வேணும். லைசென்ஸ் இருக்கா?"

அப்பா மகனைப் பார்த்தார். "சொல்லுடா. லைசென்ஸை நீ என்ன பண்ணினேன்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

எண்பத்து நான்கு வயது அப்பா போன வருடம் பக்கத்து வீட்டுத் தபால்பெட்டியைக் காரால் சாய்த்ததும், டுவைட்தான் லைசென்ஸைக் கத்தரிக்கோலால் நான்காக வெட்டிக் குப்பையில் போட்டான். அன்றிலிருந்து அவர் மகனிடம் வாயைத் திறப்பது உப்பு கேட்பதற்கு மட்டும்தான்.

இன்னும் மூன்று வாரத்தில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை. அதற்குள் கையெழுத்தாகி, தனக்குப் பிறகு எது யாருக்கு என்று அவர் வக்கீலிடம் சொல்லி எழுதவைத்த டிரஸ்டுக்குள் வீடு போகவேண்டும். இல்லாவிட்டால், அவருக்கு ஏதாவது ஆனால் கோர்ட், வாய்தா என்று வருடக்கணக்கில் இழுக்கும். பதினோரு வருடமாக அந்த வீட்டில் அவருக்கு ஓட்ஸ் காய்ச்சி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, காலுக்கு சாக்ஸ் மாட்டிவிட்டவன் டுவைட். அதற்காக வேலையை விட்டான். மனைவி அவனை விட்டாள். ஐம்பத்தாறு வயதில் அவனுக்கென்று மிச்சம் அந்த வீடு ஒன்றுதான். தங்கை மார்லீன் ஓரிகனில் இருந்தபடி கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவாள், மகராசி.

புது அடையாள அட்டைக்கு அலைந்தான். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அவர் பிறந்த ஓக்லஹோமாவுக்கு எழுதி வரவழைத்ததில் இரண்டு வாரம் போனது. சான்றிதழில் பெயர் என்ற இடத்தில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது.

"பேரே வைக்கலியா உங்களுக்கு?"

"நான் எட்டாவது. எங்கம்மாவுக்கு அலுத்துப்போச்சு."

அதைக் கொண்டுபோய்க் காட்டியதுதான் டுவைட் செய்த அடுத்த தப்பு. "இதைப் பாத்தப்புறம் ஆர்வில்ங்கிற பேரு மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார் பெர்னிஸ்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், டுவைட்டின் முகத்தைப் பார்த்து பெர்னிஸுக்கே மனம் இளகியது. "ஒரே ஒரு வழி இருக்கு. அவரை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர் வந்து சத்தியம் பண்ணணும். ஆனா இந்தப் பத்திரத்தால அவங்களுக்கு ஒரு ஆதாயமும் இருக்கக்கூடாது."

டுவைட் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு சில்வேராவை இழுத்து வந்தான். தபால்பெட்டிக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

"இவர் ஆர்வில் கிளேட்டன் டிபெட்ஸ்தானே?" என்று கேட்டார் பெர்னிஸ்.

"ஆர்வில் எவன்? இவன் பக்."

டுவைட் அவர் காலை மிதித்தான்.

"ஆ... இரு, இரு. இவன் பொண்டாட்டிக்குக் கோவம் வந்தா ஆர்வில்னு கத்துவா. முப்பது வருஷம் தினமும் என் காதால கேட்டேன்."

ஒரு சாட்சி ஆயிற்று. இன்னொன்றுக்கு எங்கே போவது? அப்பாவின் சிநேகிதர்கள் எல்லோரும் கல்லறைக்குப் போய்விட்டார்கள். பாதிரியார் ஹவாய்க்குப் போயிருந்தார். முடிதிருத்துகிறவர் கடையைப் பூட்டிவிட்டார். வக்கீல் அலுவலகம் மூட இன்னும் இருபது நிமிடம். அப்பா தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டுவைட் பெர்னிஸின் மேஜைமேல் கையை ஊன்றினான். "என்னைவிட இவரைத் தெரிஞ்சவன் இந்த ஊர்ல யாருங்க? தினமும் குளிப்பாட்டி விடறேன். ஆனா நான் சாட்சி சொல்லக்கூடாது. என்ன சட்டமோ."

மூலையில் பத்திரத்தின் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்த குமாஸ்தாப் பெண் ஜோலீன் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"நீங்க தாராளமா சொல்லலாம் சார். நான்தானே டைப் பண்ணினேன், இதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."