கடிகாரப்பூவுக்கு வரன்

போடியில் ஆகாயத்தையும் பூமியையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஜோடி சேர்த்து வைத்தவர் பொருத்தக்காரர். அவை இரண்டும் தப்பியதற்குக் காரணம், அவற்றின் ஜாதகம் அவர் கைக்கு வரவில்லை என்பதுதான்.

கல்யாணத் தரகு அவர் தொழில். சொந்தப் பெயர் என்னவென்று அடுத்த வீட்டில் குடியிருந்த எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான வாத்தியார். அவருக்கு நான் 'வாத்தியாரய்யா', எனக்கு அவர் 'அண்ணாச்சி'. ஓட்டலில் உட்கார்ந்தால் ஒரு விள்ளல் தோசையை வாயில் போட்டுக்கொண்டு, "தோசைக்கும் இந்தச் சட்னிக்கும் முறையே இல்லையேப்பா, யாரு பேசி முடிச்சது?" என்று சப்ளையரைக் கேட்பார். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் தேனியில் இறங்குவதற்குள் தம் மகளுக்குப் பாதி நிச்சயம் செய்திருப்பார். மகள் இன்னும் பால்குடி மறக்கவில்லை என்றால், "நல்லது, அவசரமில்லாமப் பாக்கலாம்" என்பார்.

அவர் மட்டும் பிரம்மச்சாரி. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குப் பொருத்தம் பாக்க என்னைய மாதிரி ஒரு ஆளு வேணுமே, வாத்தியாரய்யா. எங்கன போய்த் தேட?" என்றார்.

அவர் வீட்டுக் கிணற்றடிச் சுவரில் ஒரு கொடி படர்ந்திருந்தது. மலைமேல் ஏலத்தோட்டத்தில் ஒரு கணக்கப்பிள்ளைக்குக் கல்யாணம் முடித்துக்கொடுத்தபோது, பங்களா வாசலிலிருந்து துண்டு ஒடித்துக் கொண்டுவந்தது. ஊரில் அதைக் கடிகாரப்பூ என்பார்கள். பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெளுத்த இதழ்கள் பத்து, தட்டுப்போல் விரிந்திருக்கும். அவற்றின்மேல் நூல் நூலாக ஒரு வட்டம். அந்த நூல்கள் நுனியில் நீலம், நடுவில் வெள்ளை, அடியில் கருஞ்சிவப்பு. மத்தியில் ஒரு தண்டு எழும்பி, அதில் ஐந்து மகரந்தப் பைகள், அதற்கும் மேலே மூன்று சூல்முடிகள், கடிகார முள்போல. காலையில் மொட்டு அவிழும்போது முடிகள் மூன்றும் மேலே நிமிர்ந்திருக்கும். நேரம் ஏற ஏற மெல்லக் குனிந்து மகரந்தத்தின் மட்டத்துக்கு வரும். சாயங்காலம் கதை முடிந்து பூ சுருங்கிவிடும். ஒரு பகல்தான் ஆயுள்.

இந்தக் கொடியிலிருந்து துண்டு வெட்டி, தாம் முடித்துவைத்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சீராகக் கொடுத்தார் பொருத்தக்காரர். போடி தொடங்கிக் கூடலூர் வரை அவர் கட்டிவைத்த ஜோடி இருக்கும் வீடெல்லாம் அவர் கொடி இருந்தது. வந்தது வினை. எந்த வீட்டிலும் அது ஒரு காய்கூடக் காய்க்கவில்லை.

இதை முதலில் கவனித்தது சின்னமனூரிலிருந்து வரன் பேச வந்த ஓர் அம்மாள். கிணற்றடியைப் பார்த்தார். "காய்க்குமா?" என்றார். "பூக்கும் ஆத்தா" என்றார் பொருத்தக்காரர். அந்த அம்மாள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "தரகர் கையில ராசியில்ல. அவுக கொடுத்த கொடியே மலடாம்" என்ற பேச்சு அவருக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது. முடியும் தறுவாயில் இருந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தரகனுக்கு மூலதனமே கைராசிதான். அது போனால் குடையைச் சுருட்டிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்தார். தோசை சட்னியைக்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, கொடியில் குற்றமில்லை. இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. துண்டு வெட்டி நட்டதெல்லாம் அதே செடிதான். கூடலூர்ப் பூவும் இதற்கு அந்நியம் இல்லை. விதையிலிருந்து முளைத்த வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும்" என்றேன்.

அவர் துள்ளி எழுந்தார். "பங்காளி! எல்லாம் பங்காளின்னு சொல்லுங்க! பங்காளிக்குள்ள எப்படிய்யா கொடுக்கல் வாங்கல்? பூவுக்குத் தெரிஞ்ச முறை எனக்குத் தெரியலையே!"

ஒரே பூவில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு என்று தொடர்ந்தேன். அக்கம்பக்கம் பார்த்தார். "வாத்தியாரய்யா, அதை மட்டும் வெளிய சொல்லாதீக" என்றார்.

தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவ வியாபாரியின் வீட்டுப் பின்கட்டில் இதே கொடியை நான் பார்த்திருந்தேன். யாரோ பாதிரியார் தந்த விதையில் முளைத்தது. முறையான அந்நியம். ஞாயிற்றுக்கிழமை காலை வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்த தாம்பாளத்தோடு பொருத்தக்காரர் ரயிலேறினார். பெண் வீட்டார் சார்பில் துணைக்கு நானும் போனேன்.

இரும்புக்கடைக்காரர் கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"இது ஆண்டவர் சிலுவையில பாடுபட்டதைக் காட்டுற பூ. இந்தா, மூணு ஆணி. அஞ்சும் அஞ்சு காயம். சுத்தி முள்முடி. இதைக் கண்ட இடத்துக்கு அனுப்ப முடியுமா?"

"என்னய்யா சொல்றீக? அஞ்சு பேரு பாண்டவரு. சுத்தி நூறு கௌரவரு. மேல மூணு பேரு மும்மூர்த்தி. எங்க வீட்டுப் பூ கண்ட இடமா?"

"ஆணி விக்கிறவன் நான். ஆணி எது, மூர்த்தி எதுன்னு எனக்குத் தெரியாதா?"

பேச்சு முறியும் நிலை. சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு நான், "உள்ளபடி பார்த்தால் அந்த நூல்கள் நூறும் இல்லை, முள்ளும் இல்லை. வண்டுக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளம்" என்றேன்.

இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"பெரியவங்க பேசிட்டிருக்கம்ல?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"படிச்சவுக அப்படித்தான் சம்பந்தி, நீங்க மனசுல வச்சுக்காதீக" என்றார் பொருத்தக்காரர்.

சம்பந்தி! அந்தச் சொல்லோடு காரியம் முடிந்தது. கல்யாணப் பேச்சில் மூன்றாவது ஆள் வாயைத் திறந்தால் இரண்டு தரப்பும் ஒன்றாகிவிடும் என்று அன்று கற்றேன். சம்பந்தி வீட்டில் சாப்பிடாமல் வரலாகாது என்று கறிச்சோறு போட்டார்கள். அன்று மலர்ந்த பூவை ஈரத்துணியில் சுற்றிப் பித்தளைச் செம்பில் வைத்து, மாப்பிள்ளைத் தோழனாக இரும்புக்கடைக்காரரும் கூட வந்தார்.

ரயில் வழியில் எதற்கோ நின்றுவிட்டது. "முகூர்த்தம் தப்புது, தள்ளவாவது செய்யிங்கப்பா!" என்று ஜன்னலில் தலைநீட்டிக் கத்தினார் பொருத்தக்காரர். ஒருவழியாகப் போடி சேர்ந்து கிணற்றடிக்கு ஓடினோம். எங்களுக்காகவே காத்திருந்ததுபோல் ஒரே ஒரு பூ, மூன்று முடிகளும் நன்றாகக் குனிந்து, இதழ் ஓரம் சுருங்கத் தொடங்கிய நிலையில் இருந்தது. பொருத்தக்காரர் செம்பைக் கையில் வாங்கினார். நிழலைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"ராகுகாலம் பிறந்திருச்சு."

"அண்ணாச்சி, அது முடிவதற்குள் பூ மூடிவிடும்!"

"மூடட்டும். ராகுகாலத்துல தாலி எடுத்துக் கொடுத்தாருன்னு பேரு வாங்கவா? இருக்கிற ராசியும் போகவா?"

இதழ்கள் கண்ணெதிரே மடங்கிக்கொண்டிருந்தன. இரும்புக்கடைக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டினார். "எனக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. தள்ளும் சம்பந்தி" என்று செம்பிலிருந்த பூவை எடுத்தார்.

பொருத்தக்காரர் சடாரென்று சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "நான் பாக்கல! நான் பாக்காதது நடக்கல!" என்றார். சற்றுப் பொறுத்து, விரலிடுக்கைக்கூடத் திறக்காமல், "மூணு முடியிலயும் படணும் சம்பந்தி. ஒண்ணை விட்டுறாதீக" என்றார்.

சில நாட்களில் பூவின் அடி பருத்தது. தெருப் பெண்கள் கேலியாகத்தான் வளைகாப்பு என்று கண்ணாடி வளையல்களைக் கொடியில் மாட்டினார்கள். பற்றுச்சுருள்கள் அவற்றை நிஜமாகவே இறுகப் பிடித்துக்கொண்டன. காய் கோழிமுட்டை அளவானது, ஆரஞ்சு நிறத்தில் பழுத்தது. அதற்குள் தேனிப் பூக்கள் பல பயணம் வந்து, கொடியில் இன்னும் சில பழங்கள் தொங்கின. சின்னமனூர் அம்மாள் தாமே வந்து பார்த்து, காப்பியை முழுக்கக் குடித்து, மகன் ஜாதகத்தை வைத்துவிட்டுப் போனார்.

நன்றாகப் பழுத்ததை அறுக்க இரும்புக்கடைக்காரர் வந்திருந்தார். உள்ளே மாதுளைபோல் சிவப்பு. அழகாக இருந்தது. சம்பந்திக்கு முதல் பாதி. அவர் மென்றார். மோட்டுவளையைப் பார்த்தார். "நல்ல விதை" என்றார்.

மறுபாதி எனக்கு. புளிப்பில்லை, இனிப்பில்லை, துவர்ப்பும் இல்லை. இதன் பக்கத்தில் வைத்தால் வெள்ளரிக்காய்கூடப் பாயசம். பொருத்தக்காரர் தாம் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல், கையில் கத்தியோடு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு, வாத்தியாரய்யா?"

"இன்னொன்று அறுங்கள், அண்ணாச்சி" என்றேன்.