பேச்சிமுத்துவின் வாந்திபேதி

"பெறப்போறது நீரா, உம்ம சம்சாரமா?" என்று சுகாதார ஆபீஸ் மானேஜர் பால்வண்ணநாதன் கேட்டார்.

பேச்சிமுத்து லீவு விண்ணப்பத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டான். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது. அருவிக்கு வருகிற கூட்டத்துக்குச் சாலை முகப்பிலேயே காலரா ஊசி போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஊசிக்குப் பயந்து ஓடுகிறவன் கையைப் பிடித்து நிறுத்துகிற உத்தியோகம் பேச்சிமுத்துவுக்கு. அப்பேர்ப்பட்ட ஆளைச் சீசனில் எவன் லீவில் விடுவான்?

செங்கோட்டையில், தாய் வீட்டில், அவன் பெண்டாட்டி குழல்வாய்மொழிக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. பேச்சிமுத்து யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மருத்துவச்சி கத்தியைக் கழுவினாளா, மாமியார் வெந்நீர் வைத்தாளா, எல்லாம் தான் நின்று பார்க்க வேண்டும். தான் இல்லாவிட்டால் பெண்டாட்டியைக் கொன்றுபோடுவார்கள் என்றே முடிவுகட்டியிருந்தான்.

ஆபீஸ் பியூன் இசக்கி ஒரு வழி சொன்னான். பெண்டாட்டிக்கென்று கேட்டால் சர்க்கார் இரங்காதாம். தனக்கு நோவு என்றால் இரங்குமாம். பேச்சிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றான். ஊசிக்கு வருகிறவன் கையை உட்கார்ந்தே பிடியும் என்று முக்காலி ஒன்றைத் தள்ளிவிட்டார் மானேஜர்.

வலி மட்டும் போதாது போலிருக்கிறது. மறுநாள் நோயைக் கொஞ்சம் ஏற்றினான்.

"ராத்திரி பூரா வாந்தி, பேதி."

சொன்ன பிறகுதான், காலராவைத் தடுக்கிற ஆபீசிலேயே நின்று சொல்கிறோம் என்பது உறைத்தது. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே குதித்தான். மானேஜர் மூக்கில் துண்டைக் கட்டினார். ஹெல்த் இன்ஸ்பெக்டர் துல்கர்னைன் வண்டியோடு வந்து இறங்கினார்.

"ஐயா, ஒண்ணுமில்ல. லீவுக்காகச் சும்மா சொன்னேன்."

"நோய் வந்தவன் எவன்வே உண்டுன்னு சொல்லியிருக்கான்? ஊசி போட்டாச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பப்பிடாதுன்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீருதான்."

அவன் திமிறினான். சன்னி கண்டுவிட்டது என்று கையையும் காலையும் கட்டினார்கள். உடுத்தியிருந்த வேட்டியை அவன் கண்முன்னே கொளுத்தினார்கள். ஊருக்கு வெளியே முள்வேலி போட்ட தகரக் கொட்டகை. குடிக்க உப்புக் கஞ்சி. செங்கோட்டைக்கு ஒரு தகவலாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினான். அங்கேயும் உறவுக்காரர்கள் உண்டா என்று விசாரித்த இன்ஸ்பெக்டர், மாமியார் வீட்டுக்குப் பிளீச்சிங் பவுடரோடு ஆள் அனுப்பினார்.

பிரசவ வீட்டிலா பொடி அடிப்பது? பேச்சிமுத்துவுக்கு நிஜமாகவே வயிறு கலங்கியது. வாளியைத் தேடி ஓடினான். அதைப் பார்த்த காவல்காரன், நோய் முற்றிவிட்டதென்று சொல்லியனுப்பினான். வேலிக் கதவுக்குப் பூட்டும் வந்தது.

இரண்டொரு நாள் கழித்து இசக்கி வந்தான். கிட்டே வரப் பயந்து, வேலிக்கு அப்பால் புளியமரத்தடியிலேயே நின்றுகொண்டான்.

"அண்ணாச்சி, ஆம்பளப் பிள்ள. தாயும் பிள்ளையும் சொகம்."

பேச்சிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான். தான் இல்லாமலா? அதெப்படி? கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ஆத்திரம் பொங்கியது. மானேஜரை, அவர் அப்பனை, பாட்டனை வரிசையாக ஏசினான். பெண்டாட்டி பக்கத்தில் நிற்க விடாத பாவி விளங்குவானா என்று மண்ணை வாரித் தூற்றினான்.

ஏசி முடிக்கும்வரை இசக்கி பொறுத்திருந்தான். பிறகு, அன்று காலையில் மானேஜர் வாயால் கேட்டதைச் சொன்னான்.

"அவர ஏசாதீரும் அண்ணாச்சி. தாய் வீட்டுக்குப் போற அன்னைக்கு ஆபீசுக்கு வந்து, பிள்ள பொறக்குத வரைக்கும் உமக்கு லீவே குடுக்கப்பிடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனது நம்ம குழல்வாய்மொழி மதினியாக்கும்."